பழைய வீடியோ கேம்களுக்கு ரேங்க் போடுவது எப்படி? சேலத்து நண்பர்களுக்கு ஒரு வழிகாட்டி

மரியோ பெரிதா காண்ட்ரா பெரிதா என்று ஆரம்பிக்கிற சண்டை, பெரும்பாலும் யார் குரல் பெரிது என்பதில்தான் முடியும். அதை ஒழுங்காகவும் நடத்தலாம். ஐந்து பேர், ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி, ஒரு சனி ஞாயிறு கிடைத்தால் போதும். இப்படி ஒரு கூட்டத்தில் இதுவரை உட்காராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். சின்ன வயதில் இந்தப் பெட்டியைத் தொட்டே பார்க்காமல், இப்போதுதான் ஆர்வம் வந்து நுழைகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். அப்படி ஒரு புது ஆள் கூட்டத்தில் இருப்பது ரொம்ப நல்லது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

எந்தப் பெட்டிக்கு ரேங்க்?

நம் ஊரில் வெறுமனே 'வீடியோ கேம்' என்றால் அது எட்டு பிட் பெட்டிதான். அதன் மூலம் நின்டெண்டோவின் ஃபேமிகாம். வடிவமைத்தவர் மசாயுகி உவெமுரா. ஜப்பானில் 1983 ஜூலை 15 அன்று வந்தது. 1985-ல் என்.இ.எஸ். என்ற பெயரில், வேறு உருவத்தில் அமெரிக்காவுக்குப் போனது. இரண்டும் சேர்த்து உலகம் முழுக்க 6 கோடிக்கு மேல் விற்றன. அஸ்தம்பட்டியிலோ அம்மாபேட்டையிலோ 90-களில் உங்கள் வீட்டு டிவிக்குக் கீழே இருந்தது அநேகமாக இவை இரண்டும் இல்லை. அதே சிப்பை நகல் எடுத்து, மீடியா, டெர்மினேட்டர் என்று விதவிதமான பெயரில் விற்ற பெட்டியாக இருக்கும். கூடவே '99999 இன் 1' என்று போட்ட கேசட். உள்ளே போய்ப் பார்த்தால் சில டஜன் ஆட்டம்கூட இருக்காது. அதே ஆட்டத்தை ஸ்டேஜ் மாற்றி, லைஃப் மாற்றித் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருப்பார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்கர்கள் போடும் பட்டியலை எடுத்துப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். 'டேங்க் கேம்' என்று நாம் சொல்லும் பேட்டில் சிட்டி அதில் இருக்காது. சர்க்கஸ் சார்லி, ரோட் ஃபைட்டர், நட்ஸ் அண்ட் மில்க் எதுவும் இருக்காது. அவர்களுக்கு ரசனை இல்லை என்று அர்த்தமில்லை. அந்தக் காலத்தில் அந்தக் கேசட்டுகள் அங்கே விற்பனைக்கே வரவில்லை. மறுபக்கம், அவர்கள் முதல் மூன்று இடத்துக்குள் வைக்கும் ஜெல்டாவை நம்மில் பலர் கேள்விப்பட்டது இன்டர்நெட் வந்த பிறகுதான். விட்ட இடத்தைச் சேமித்து வைக்கக் கேசட்டுக்குள்ளேயே பேட்டரி வைத்த ஆட்டம் அது. நம் ஊர் மலிவுக் கேசட்டில் அதெல்லாம் ஏது?

அதனால் முதல் விதியைக் கூட்டம் கூடுவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள்: அந்த இரண்டு நாளில் எல்லோரும் கையில் எடுத்து விளையாடிய ஆட்டத்துக்கு மட்டுமே ரேங்க். ஞாபகத்துக்கு ஓட்டு கிடையாது. "நான் ஆறாவது படிக்கும்போது இது எப்படி இருந்துச்சு தெரியுமா" என்பது நல்ல கதை, டீ குடிக்கும்போது சொல்லலாம். ஓட்டுப் போடும்போது செல்லாது. எது எங்கிருந்து வந்தது என்ற சண்டையும் இதிலேயே அடங்கிவிடும். ஜெல்டாவைக் கொண்டுவருகிறவர் எல்லோரையும் விளையாட வைக்கட்டும், அப்புறம் வாதாடட்டும்.

பெட்டியும் டிவியும்

பழைய குண்டு டிவி கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வசதி உண்டு. 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டிகள் இன்னும் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. பாட்டி வீட்டிலோ பெரியப்பா வீட்டிலோ கேட்டுப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால், உங்கள் பேட்டையில் இன்னும் டிவி ரிப்பேர் செய்துகொண்டிருக்கும் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். பின்பக்கம் மஞ்சள், வெள்ளை ஏ.வி. ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லாவிட்டால் ஆன்டெனா வயர் வழியாகக் கொடுத்து, மேனுவல் ட்யூனிங்கில் படம் தெளிகிற இடத்தைத் தேட வேண்டும்.

குண்டு டிவிதான் வேண்டும் என்று அடம் பிடிப்பதற்கு முக்கியக் காரணம் டக் ஹன்ட் என்ற வாத்து சுடும் ஆட்டம். அதை ஆடும் பொம்மைத் துப்பாக்கி டிவியைப் பார்த்துச் சுடுவதில்லை. டிவிதான் துப்பாக்கியைப் பார்த்து வெளிச்சம் காட்டுகிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கருப்பாகும், அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி முனையில் உள்ள சென்சாருக்கு அந்த வெளிச்சம் சரியான நேரத்தில் பட்டால் வாத்து விழும். இப்போதைய தட்டை டிவிகள் படத்தைக் கொஞ்சம் தாமதித்துக் காட்டுகின்றன, அதனால் எவ்வளவு குறி பார்த்தாலும் ஆட்டத்தில் வரும் நாய் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் இருக்கும். மற்ற ஆட்டங்களிலும் இந்தத் தாமதம் தெரியும். பட்டனை அழுத்தியதற்கும் மரியோ குதிப்பதற்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி. தட்டை டிவிதான் இருக்கிறது என்றால் மெனுவில் 'கேம் மோட்' இருக்கிறதா என்று பாருங்கள். டக் ஹன்ட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். விளையாட முடியாத ஆட்டத்துக்கு ரேங்க் போடுவது அநியாயம்.

அடாப்டர் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். கையில் கிடைத்ததைச் சொருகிப் பெட்டியைப் புகைய விட்டவர்கள் உண்டு. பெட்டியின் அடியில் எத்தனை வோல்ட், நடு முனை பிளஸா மைனஸா என்று குறி போட்டிருக்கும். இரண்டும் பொருந்தினால்தான் சொருக வேண்டும்.

படம் வரவில்லை என்றால் கேசட்டை வாயில் வைத்து ஊதுவோமே, அதை இனிமேல் செய்யாதீர்கள். வாயின் ஈரம் செப்புக் கால்களில் பட்டு அரிக்கத் தொடங்கும். அப்போது ஊதியதும் வேலை செய்ததே என்றால், கேசட்டை எடுத்து மறுபடி சொருகியதுதான் அதற்குக் காரணம். எலக்ட்ரானிக்ஸ் பார்ட்ஸ் கடையில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். பஞ்சுக் குச்சியில் தொட்டு, கால்களைத் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள். கேசட் வாங்குவதானால் இன்னொன்று: ஜப்பான் வகைக் கேசட்டுக்கு 60 கால், அமெரிக்க வகைக்கு 72 கால். நம் ஊர்ப் பெட்டிகளில் பெரும்பாலும் 60 கால் கேசட்தான் உட்காரும்.

வேகத்தையும் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். ஜப்பான், அமெரிக்கா டிவிகளில் நொடிக்கு 60 படம். நம் ஊர் டிவிகள் பின்பற்றிய பால் (PAL) முறையில் 50. நாம் வளர்ந்த பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த 50-க்கு ஏற்பச் செய்தவை என்பதால் ஆட்டமும் பாட்டும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் ஓடின. ஒருவர் கம்ப்யூட்டரில் 60 வேகத்தில் பழகிவிட்டு வந்து "மரியோ ஏன் தூங்கி வழியுது" என்பார். இன்னொருவர் "இதுதான்டா சரியான ஸ்பீடு" என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரி. ஆனால் ஒரே வேகத்தில்தான் எல்லோரும் ஆட வேண்டும்.

பெட்டியே கிடைக்காதவர்கள் கம்ப்யூட்டரில் அதிகாரபூர்வத் தொகுப்புகளை வாங்கலாம். கொனாமி 2019-ல் வெளியிட்ட காண்ட்ரா தொகுப்பில் எட்டு பிட் காண்ட்ரா இருக்கிறது. நாம்கோவின் 2020 தொகுப்பின் இரண்டாம் பாகத்தில் பேட்டில் சிட்டி இருக்கிறது. மெகா மேனுக்கும் தனித் தொகுப்பு உண்டு.

ஏற்காட்டில் கூடுவதானால்

நண்பர் யாருக்காவது ஏற்காட்டில் வீடு இருந்தால் அங்கே கூடுவது சுகம்தான். மழையும் பனியும் இருக்கும்போது வெளியே போகவும் முடியாது, எல்லோரும் ஒரே அறையில்தான் இருந்தாக வேண்டும். ஆனால் குண்டு டிவியை பைக்கில் மடியில் வைத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவு ஏறும் யோசனையை விட்டுவிடுங்கள். அங்கேயே ஒன்று இருந்தால் சரி, இல்லாவிட்டால் காரில் கண்ணாடிப் பக்கத்தைச் சீட்டின் முதுகுப் பக்கம் திருப்பி வைத்து, சீட் பெல்ட் போட்டு ஏற்றுங்கள். மேலே போனதும் உடனே ஆன் செய்ய வேண்டாம். பனியில் வந்த பெட்டியும் கேசட்டும் ஈரம் காயட்டும். கரண்ட் போய்ப் போய் வந்தால் நீளமான ஆட்டங்களைப் பகலிலேயே முடித்துவிடுங்கள். சூப்பர் மரியோ 3-ல் சேமிக்கும் வசதி கிடையாது. ஆறாவது உலகத்தில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்துதான்.

கீழே சேலத்திலேயே கூடுவதானால் ஒரே ஒரு எச்சரிக்கை. தட்டுவடை செட்டைப் பக்கத்து அறையில் வையுங்கள். சட்னிக் கையோடு ஜாய்ஸ்டிக்கைத் தொட்டால் அடியில் இருக்கும் ரப்பர் பட்டன் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ராத்திரி முழுக்க மரியோ தானாகவே குதித்துக்கொண்டிருப்பார்.

எதை எதை எடுப்பது

ஆளுக்கு மூன்று ஆட்டம் சொல்லட்டும். ஐந்து பேர் என்றால் பதினைந்து. ஒன்றையே இரண்டு பேர் சொன்னால் இடம் காலியாகும், அதில் பழக்கமில்லாத ஒன்றை நுழைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம். ஜாய்ஸ்டிக் கை மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரே ஆளுக்கான ஆட்டத்தையும் இரண்டு பேர் சேர்ந்தாடும் ஆட்டத்தையும் மாற்றி மாற்றி வையுங்கள். ரோட் ஃபைட்டர், எக்ஸைட்பைக், மெகா மேன் 2 எல்லாம் ஒரே ஆளுக்கு. பேட்டில் சிட்டி, காண்ட்ரா, ஐஸ் கிளைம்பர், பலூன் ஃபைட், சிப் அண்ட் டேல் ஆகியவற்றில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் இறங்கலாம். பலூன் ஃபைட்டுக்கு நிரல் எழுதியவர் சதோரு இவாதா. பின்னாளில் நின்டெண்டோவின் தலைவரே ஆனார். ஆட்டமும் நன்றாகத்தான் இருக்கும். பறப்பதற்குப் படபடவென்று அடிக்க வேண்டும், அடித்த வேகம் குறைந்தால் தண்ணீரில் மீன் கவ்விக்கொள்ளும்.

வாதாடும் விதம்

'சூப்பரா இருக்கும்', 'மொக்கை' இரண்டுக்கும் தடை போடுங்கள். திரையில் ஒரு இடத்தைக் காட்டித்தான் பேச வேண்டும்.

சூப்பர் மரியோவையே எடுத்துக்கொள்வோம். 1985 செப்டம்பரில் ஷிகேரு மியாமோட்டோவின் குழு வெளியிட்டது. முதல் திரையைப் பாருங்கள். வழி சொல்லும் எழுத்து எதுவும் இல்லை. மரியோ இடது ஓரத்தில் நிற்கிறார், வலது பக்கம் முழுக்கக் காலி. எந்தப் பக்கம் போவது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்சம் போனதும் ஒரு காளான் பூதம் நடந்து வருகிறது. குதிக்காவிட்டால் சாவு. குதித்தால் தற்செயலாகத் தலை மேலே உள்ள கேள்விக்குறிக் கட்டையில் முட்டும், காசு வரும். அரை நிமிடத்துக்குள் ஆட்டத்தின் பாதி பாடம் முடிந்துவிட்டது. இதையெல்லாம் 40 கிலோபைட்டுக்குள் அடக்கியிருக்கிறார்கள். இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோ இதைப் போலப் பல மடங்கு பெரிது. இடம் பற்றாததால் வானத்து மேகமும் தரையில் உள்ள புதரும் ஒரே படம்தான், நிறம் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கூட்டத்தில் தெரியாதவர் இருந்தால் காட்டுங்கள், முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

புது ஆள் இங்கேதான் உதவுவார். பழகிய கைக்கு எல்லாமே சுலபம். 'இது நியாயமான ஆட்டமா, இல்லை நாம் மனப்பாடம் செய்ததால் நியாயமாகத் தெரிகிறதா' என்பது முதல்முறை ஆடுகிறவரைப் பார்த்தால்தான் தெரியும். அவர் எங்கே சாகிறார், செத்தபின் சிரிக்கிறாரா, ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைக்கிறாரா என்று கவனியுங்கள். அட்வென்ச்சர் ஐலண்டில் பெரும்பாலும் கீழே வைத்துவிடுகிறார்கள்.

காண்ட்ரா வந்தால் 'கோட் போடலாமா' என்ற சண்டையும் கூடவே வரும். கோட் என்பது ரகசியமாக அழுத்தும் பட்டன் வரிசை. மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது பி ஏ, அப்புறம் ஸ்டார்ட், 30 லைஃப். இதை முதலில் வைத்தவர் கொனாமியில் இருந்த கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986-ல் கிரேடியஸ் என்ற விண்வெளி ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்க முடியாத அளவுக்குக் கடினமாக இருந்ததால் தனக்காக வைத்துக்கொண்டது. காண்ட்ராவுக்கு அது 1988-ல் வந்தது. என் கருத்து: மதிப்பிடும்போது கோட் வேண்டாம். மூன்று லைஃபில் ஆடினால்தான், குண்டுகளை விசிறி போலத் தெளிக்கும் 'எஸ்' துப்பாக்கியின் அருமை தெரியும். அதை எடுத்தவர் செத்தால் துப்பாக்கியும் போச்சு என்ற பயம் வரும்போதுதான் காண்ட்ரா காண்ட்ராவாக இருக்கிறது. மூன்றாவது ஸ்டேஜ் அருவியில் இன்னொரு வேடிக்கை. ஒருவர் அவசரமாக மேலே தாவினால் திரையும் மேலே நகரும். கீழே இருப்பவர் காலடியில் தரையே இல்லாமல் செத்துப்போவார். எத்தனை வீட்டில் அண்ணன் தம்பிக்குள் இதற்காகக் கைகலப்பு நடந்திருக்கும்!

திரையில் ஒரே வரிசையில் ஆட்கள் கூடினால் உருவங்கள் மின்னி மறையும். அதை 'கேசட் சரியில்லை' என்று எண்ணி மதிப்பெண் குறைக்காதீர்கள். ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் காட்ட இந்தப் பெட்டியால் முடியாது. மீதியை மாற்றி மாற்றிக் காட்டிச் சமாளிக்கிறார்கள்.

இனி என் சொந்த அளவுகோலுக்கு வருகிறேன். இதை ஏற்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் வாதத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது ஜாய்ஸ்டிக் பிடித்தவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? நம் வீடுகளில் பெட்டி ஒன்று, பிள்ளைகள் மூன்று நான்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேறு. சூப்பர் மரியோவில் இரண்டு பேர் ஆடலாம் என்பது பேச்சுக்குத்தான். மரியோ சாகும்வரை லூயிஜி காத்திருக்க வேண்டும். அண்ணன் நன்றாக ஆடினால் தங்கச்சிக்கு முறையே வராது. பேட்டில் சிட்டியில் அப்படி இல்லை. 35 ஸ்டேஜ், ஒவ்வொன்றிலும் 20 எதிரி டேங்க், நடுவே கீழே காக்க வேண்டிய கழுகு. ஒருவர் முன்னால் போனால் ஒருவர் கழுகுப் பக்கம் நிற்க வேண்டும், பேசாமல் ஆட முடியாது. தெரியாமல் கூட்டாளியைச் சுட்டால் அவர் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பார். அவசரத்தில் நம் குண்டே கழுகைத் தாக்கினால் ஆட்டம் முடிந்தது. மண்வெட்டிப் படத்தை எடுத்தால் கழுகைச் சுற்றிய செங்கல் கொஞ்ச நேரம் இரும்பாகும். இதோடு 'கன்ஸ்ட்ரக்ஷன்' போய் நாமே மைதானம் கட்டிக்கொள்ளலாம். ஐந்து வயசுப் பிள்ளைக்கும் ஐம்பது வயசு மாமாவுக்கும் ஒரே நேரத்தில் வேலை இருக்கிற ஆட்டம் வேறெது?

எதிர்வாதமும் உண்டு. "அப்படின்னா மெகா மேன் 2-க்கு இடமே இல்லையா?" என்பார்கள். எட்டு எதிரிகள், யாரிடம் முதலில் போவது என்பது நம் விருப்பம். ஒருவரை வென்று எடுத்த ஆயுதம் இன்னொருவருக்குச் சரியாக வலிக்கும். அந்த வரிசையை அறை முழுக்க உட்கார்ந்து யோசிக்கும். அப்போது ஜாய்ஸ்டிக் ஒருவரிடம் இருந்தாலும் ஆடுவது ஐந்து பேர். இந்த வாதத்துக்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது.

ஓட்டு

முதல் சுற்று எளிது. ஒவ்வொருவரும் தாளில் முதல் ஆறு இடங்களை எழுத வேண்டும். முதல் இடத்துக்கு 6, அடுத்ததற்கு 5, இப்படியே கடைசிக்கு 1. கூட்டிப் பார்த்து மேலே வந்த ஆறு மட்டும் அடுத்த சுற்றுக்கு.

இதோடு நிறுத்திவிடாதீர்கள், இங்கேதான் தில்லுமுல்லு நடக்கும். காண்ட்ரா பிரியர் ஒருவர் மரியோவை வேண்டுமென்றே தாளில் எழுதாமல் விட்டிருப்பார். இரண்டாவது சுற்றில் இரண்டிரண்டாக மோத விடுங்கள். ஆறு ஆட்டத்துக்குப் பதினைந்து மோதல். ஒவ்வொன்றுக்கும் கை தூக்க வேண்டும், எல்லோர் முன்னாலும். அதிக மோதல் வென்றது முதலிடம். ஆள் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் எந்த ஒரு மோதலிலும் சமநிலை வராது.

சில சமயம் டேங்க் மரியோவை வெல்லும், மரியோ காண்ட்ராவை வெல்லும், காண்ட்ரா டேங்கை வெல்லும். யாரும் ஏமாற்றவில்லை. மார்கி டெ கொண்டோர்செ என்ற பிரான்சு அறிஞர் 1785-லேயே இப்படி நடக்கும் என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த மூன்றையும் இன்னொரு முறை ஆளுக்குப் பத்து நிமிடம் ஆடுங்கள், பிறகு கை தூக்குங்கள். அப்போதும் தீராவிட்டால் மூன்றுக்கும் ஒரே இடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

முடிவை எழுதும்போது பக்கத்தில் எந்தப் பெட்டி, 50 வேகமா 60 வேகமா, கோட் உண்டா இல்லையா, யார் யார் இருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தீபாவளிக்கு யாராவது வந்து "அது செல்லாது" என்பார்கள்.

என் வரிசையைக் கேட்டால்: முதலில் பேட்டில் சிட்டி, இரண்டாவது காண்ட்ரா, மூன்றாவது சூப்பர் மரியோ 3. நான்காவது சிப் அண்ட் டேல். இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், ஆனால் கூட்டாளியையே தூக்கி எறியக்கூடிய ஆட்டம் அது. ஐந்தாவது மெகா மேன் 2, ஆறாவது முதல் சூப்பர் மரியோ. முதல் மரியோவை ஆறாவதில் வைத்ததற்காகச் சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். வரும்போது கேசட்டும் எடுத்து வாருங்கள், முதல் உலகத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.